ஏழு அங்குலம் கூடுதல்

வயரிங் வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பேர் டேப்பம்மா. கட்டடங்களின் மின் ஆய்வாளர்; கையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். அவள் படியேறும் சத்தம் கேட்டால் உள்ளே பேச்சு நின்றுவிடும். உட்காரமாட்டாள் என்று தெரிந்தும் யாராவது ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் வீட்டிலும் பேச்சு கிடையாது, பேச ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஒரு வீடு மட்டும் இருந்தது. அண்ணன் வீடு. அவரும் எலெக்ட்ரீஷியன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வயரிங் செய்த ஒரு துணிக்கடையை இவள் ஆய்வு செய்ய நேர்ந்தது. விதி சின்னதுதான்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து விளக்குக்குப் போகும் வளையும் குழாய் ஆறடியைத் தாண்டக்கூடாது. நீளம் கூடினால் குழாய் தொங்கும், மூட்டு தளரும், உள்ளே ஒயர் உரசும். எட்டு விளக்குக்கு அண்ணன் தலா பத்தடி விட்டிருந்தார். இவள் அதை அறிக்கையில் எழுதிவிட்டாள். கடைக்காரர் மீதி வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"கூடப் பிறந்தவர் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே இந்தப் பக்கம் வராதே."

பின்னால் டிவி சத்தம் கேட்டது. அண்ணன் பேச வரவில்லை.

இந்த மாசம் ஒரு பல் டாக்டர் கிளினிக். சுவிட்ச்போர்டைத் திறந்ததும் அவள் கை நின்றது. மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டில் 'நுழைவு விளக்கு' என்று எழுதியிருந்தது. 'ழ'வின் வாலை அவ்வளவு நீளமாக இழுக்கிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அண்ணன் அங்கே இல்லை. அவளே ஏணியை இழுத்துப் போட்டு, சீலிங் பலகையைத் தள்ளி அளந்தாள். ஐந்தடி. ஐந்தரை. ஐந்தடி எட்டு. ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வெட்டியது. பதினொரு விளக்குவரை மனசு லேசாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது, பல் பார்க்கும் நாற்காலிக்கு நேர் மேலே, ஆறடி ஏழு அங்குலம். மறுபடி அளந்தாள். அதேதான். மூன்றாவது முறை, வளைவை விட்டுவிட்டு டேப்பை நேராக இழுத்தாள். ஆறடிக்குள் வந்தது. தன்னை நினைத்தே வெட்கப்பட்டு இறங்கி, உள்ளதை எழுதினாள்.

மறுநாள் காலை போன் அடித்தது. மூன்று வருஷமாக வராத நம்பர்.

"எந்த விளக்கு?" ஹலோகூட இல்லை.

"சேருக்கு மேல இருக்கறதுண்ணா."

"அங்க பீம் குறுக்க வருது. சுத்திக் கொண்டுபோனேன்."

"பாக்ஸை பீமுக்கு விளக்குப் பக்கம் மாத்தினா சரியாயிடும்."

"தெரியும். வியாழக்கிழமை வா."

அந்த 'வா'வை மூன்று நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அண்ணன் வாசலிலேயே நின்றார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. அவள் ஏறும்போது ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாலடி ஒன்பது அங்குலம்.

"சரியா இருக்குண்ணா."

"ம்."

"பாப்பா எப்படி இருக்கா?" அண்ணன் மகளைக் கேட்டாள்.

"உன் உயரம் வந்துட்டா. பிடிவாதமும் அப்படியே உன்னோடதுதான்."

இறங்கினால் பேச்சு முடிந்துவிடும் என்று ஏணியிலேயே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமாண்ணா?"

"உங்க அண்ணிக்குக் கோபம் இன்னும் ஆறல." ஏணிக் காலைப் பார்த்தபடி சொன்னார்: "நீ எழுதினது சரிதான். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சதாலதான் வாய் வரல."

அவள் இறங்கி வந்து ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். அவர் ஏணியை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு ஆளுக்குச் சமைத்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல்.

"அத்தை, நான்தான். அப்பாதான் நம்பர் கொடுத்தாங்க. அம்மாவுக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"பேசலாமே," என்றாள்.

அதற்குமேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போனை வைக்கவும் மனசில்லை.