இடது பக்கத்து அப்பா

காலையில் அப்பாவைப் போட்டோ எடுப்பது என்றால் கைப்பேசியைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டுகிற வேலை என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் என் அண்ணன் மாதிரிதான். முதலில் முகம் மழிக்க வேண்டும். வலது கன்னம் தொங்கிப்போயிருப்பதால், தோலை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ரேசரை ஓட்ட முடியும். பிறகு சட்டை. வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், வருகிற கையை அப்புறம். மாற்றிச் செய்தால் சட்டை கிழியும், இல்லையென்றால் என் இடுப்பு போகும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது தனிக்கதை. நல்ல கையை என் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி, என் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, ஒரே தம்மில் தூக்கித் திருப்பி உட்கார வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் மணி அடித்தவருக்கு அன்று நல்ல அர்ச்சனை உண்டு.

நாற்காலி ஜன்னலோரம் இருக்கும். ஜன்னல் அவருக்கு இடது கைப்பக்கம், ஆகவே வெளிச்சம் இடது கன்னத்தில் விழும். வலது தோளுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் ஆள் சாயமாட்டார். வலது கையை மடியில் வைத்து அதன் மேல் செய்தித்தாளை விரித்துவிடுவேன். எச்சில் துடைக்கிற துணியைக் கழுத்திலிருந்து எடுத்த மறு நொடி படத்தை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் காலர் நனைந்துவிடும், அப்புறம் சட்டையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கடைசியாக மூக்குக்கண்ணாடி. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களின் முகத்துக்குத் தகுந்தபடி ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்பாவின் கண்ணாடி வலது பக்கம் வழுக்காமல் இருக்க அந்தப் பக்கம் காதில் மாட்டுகிற கொக்கியை மட்டும் நன்றாக உள்ளே வளைத்துவிட்டிருக்கிறேன். படம் எடுக்கும்போது கொக்கிகளைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கிவிடுவேன். அப்போது கண்ணாடி தரையைப் பார்த்துச் சாயும். இல்லையென்றால் எதிரே நிற்கிற நான், கலைந்த தலையும் ஈர நைட்டியுமாக, அந்தக் கண்ணாடியில் தெரிவேன். அண்ணனும் தங்கையும் கேட்டது அப்பாவைத்தான், என்னை யார் கேட்டார்கள்?

இடது பக்கம் மட்டும் எடுப்பது அப்பாவின் உத்தரவு. அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் ஏறினால் கடைசி சீட்டு வரைக்கும் பேச்சு நின்றுவிடும் என்பார்கள். மீசையைச் சின்னக் கத்தரிக்கோலால் தினமும் திருத்துகிற ஆள். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு முதல் படத்தை நேருக்கு நேராகத்தான் எடுத்தேன். காட்டு என்று சைகை செய்தார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நல்ல கையால் கைப்பேசியைப் பிடுங்கிப் போர்வைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம்... வேணாம்" என்றார். அந்த மூன்று வார்த்தை வெளியே வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து இடது பக்கம்தான்.

அண்ணன் வேறு ஊரில், தங்கை வேறு நாட்டில்; அப்பா விழுந்த பிறகு இரண்டு பேரும் நேரில் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனதால், வீட்டோடு இருக்கிறவள் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. 'நம்ம வீடு' என்று ஒரு வாட்ஸப் குழு. நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அதில் படம் விழுந்தாக வேண்டும். கடை தெருமுனையில்தான், இடையிடையே ஓடிவந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவேன். விழுந்ததும் சித்தப்பாவிலிருந்து மாமா பிள்ளைகள் வரைக்கும் ஆளாளுக்கு இதயம் போடுவார்கள். அப்பா சாப்பிட்டாரா, அப்பா நல்லா தூங்கினாரா, அப்பாவுக்கு அந்த நீலச் சட்டை எடுப்பா இருக்கு. நீ தூங்கினாயா என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, படங்கள் நன்றாகவே இருக்கும். வெளிச்சம் எப்போது முகத்தில் இறங்கும், எந்த இடத்தில் வெட்டினால் சக்கர நாற்காலி தெரியாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு படத்தை அண்ணன் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். அதில் அப்பா ஏதோ பென்ஷன் வாங்கிவிட்டு வந்து ஹாயாகப் பேப்பர் படிக்கிறவர் மாதிரி இருக்கிறார். நேரில் பேசலாம் என்று அவர்கள் வீடியோவில் கூப்பிட்டால், அப்பா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். அப்பாவுக்கு வெட்கத்தைப் பார் என்று அவர்கள் சிரிப்பார்கள்.

எனக்குக் கொஞ்ச காலமாகவே உடம்பு சரியில்லை. மாதக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கடையில் நின்றால் கால் நடுங்கும். சின்னத் திருகாணியைத் திருகும்போது கண்ணில் பூச்சி பறக்கும். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். வீட்டில் கனமாக ஏதாவது தூக்குகிற வேலை இருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலமே அண்ணனையும் தங்கையையும் ஒன்றாகப் போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மாதம் அப்பாவை யாராவது ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். பிறகு தங்கை பிள்ளைகளின் பரீட்சை பற்றி ஆரம்பித்தாள். அண்ணன் அண்ணியின் முட்டி வலி பற்றி ஆரம்பித்தான். அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்கணும், வாயில் ஊட்டித்தான் விடணும், ராத்திரி நாலு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும் என்று நானும் பாட்டாகப் படித்தேன்.

"நீ சும்மா பெரிசு பண்ணாத" என்றான் அண்ணன். "தினம் பார்த்துட்டுதானே இருக்கோம். அப்பா ஜம்முனு இருக்காரு. ஒரு ஆளப் போட்டு சமாளி."

தங்கையும் ஆமாம் என்றாள். போன வாரப் படத்தில் அப்பாவுக்குச் சதை போட்டிருக்கிறதாம். அது சதை இல்லை, நான் வைத்த துண்டு. போனை வைத்துவிட்டு, ஊற வைத்திருந்த துணியை அடித்துத் துவைத்தேன். கல் என்ன பாவம் செய்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அசந்து தூங்கினார். வலது பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. இமை பாதி மூடாமல் வெள்ளை தெரிந்தது, வாயோரம் ஒழுகித் தலையணை நனைந்திருந்தது, கை புரண்டு கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கைப்பேசியை எடுத்தேன். ஒரே ஒரு படம். இதை அனுப்பினால் போதும், நான் வாய் திறக்கவே வேண்டாம். குழுவைத் திறந்து விரலையும் கொண்டுபோய்விட்டேன். ஆனால் அந்தக் குழுவில் சித்தப்பா இருக்கிறார், மாமா பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்பாவின் பழைய டிப்போ நண்பர்கூட ஒருவர் இருக்கிறார். பெற்ற அப்பனைத் தூக்கத்தில் பிடித்து நாலு பேருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டேன். அழித்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் தேதியை ஒரு தடவை தள்ளி வைத்தேன். டாக்டரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த நிலையில்தான், ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வருவதாகவும், ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்துபோவதாகவும் அண்ணன் போன் செய்தான். வரட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பாருங்கள், பழகிப்போன கை சும்மா இருக்குமா? அவன் வருகிற காலையில் முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்து, துண்டு சுருட்டி, பேப்பர் விரித்து, எல்லாம் முடித்த பிறகுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. கலைக்கலாம் என்று போனேன். அப்பா நல்ல கையால் பேப்பரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் வந்தான். வந்தவன் நேராகப் போய் ஜன்னல் பக்கம், அப்பாவின் இடது கையோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா அவனைப் பார்த்துத் திரும்பியே இருந்தார். 'ம்', 'சரி', 'நல்லது' என்று ஒற்றை வார்த்தைகளாகவே பேசிச் சமாளித்தார். பேருந்து காலத்து விறைப்பு அத்தனையும் அந்த அரை முகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்து, நான் சொன்னேனில்லையா என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அலுத்துவிட்டது எனக்கு.

திரும்பி வரும்போது அவன் செல்ஃபி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலை மறைத்து உட்கார்ந்திருந்ததால் அப்பா முகத்தில் இருட்டு விழுந்தது. ரெண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று எழுந்து அந்தப் பக்கம் போய், அப்பாவின் வலது தோளில் கையைப் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கைப்பேசியை நீட்டினான். சுருட்டிய துண்டு கீழே விழுந்தது. அப்பா அவன் மேல் சரிந்தார். மடியிலிருந்த கை பேப்பரோடு நழுவித் தொங்கியது.

முதலில் அவன் பார்த்தது அப்பாவை இல்லை, திரையை. திரையில்தான் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, ஒரு சாண் தூரத்திலிருந்த அந்த முகத்தைப் பார்த்தான். அப்பா துண்டைத் தேடி நல்ல கையால் துழாவினார். துண்டு கைக்கு எட்டவில்லை.

அண்ணன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவன் சட்டைத் தோளில் எச்சில் ஊறியது. நான்தான் போய் அப்பாவை நிமிர்த்திவிட்டேன். அவன் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கோபமாகக் கேட்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்" என்றேன். "சொல்லிட்டேதான் இருந்தேன். நீதான் போட்டோவப் பார்த்துட்டு இருந்த."

அன்று அவன் ஒரு மணி நேரத்தில் கிளம்பவில்லை. சாயங்காலம் அண்ணியோடு ரொம்ப நேரம் போனில் பேசினான், கொஞ்சம் சத்தமாகவும் பேசினான். அந்த வார இறுதியில் கார் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை அழைத்துப்போனான். வராத கை முதலில், வருகிற கை அப்புறம் என்று எல்லாவற்றையும் செய்து காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். காரில் ஏற்றியதும் அப்பா என் விரலைப் பிடித்தார், விட நேரமாயிற்று. எனக்கும் அழுகை வந்தது, கூடவே தெரு முனையில் கார் திரும்பியதும் அப்பாடா என்றும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் மயக்கமும் தூக்கமுமாகப் போனது. அதற்கடுத்த காலை, பக்கத்துப் படுக்கைக்காரம்மாவை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கைப்பேசியைத் திறந்தேன். குழுவில் படம் விழுந்திருந்தது. அண்ணன் போட்டிருந்தான். ஜன்னலோரம் அப்பா, நீலச் சட்டை, மடியில் பேப்பர். இடது பக்கம். கீழே வரிசையாக இதயங்கள். அண்ணன் வீட்டுக்குப் போனதும் அப்பா முகத்தில் என்ன ஒரு களை என்று தங்கை எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இவனும் கடைசியில் இந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டானா என்று கோபம் வந்தது.

பிறகு, கண்ணாடிக்காரி இல்லையா, என் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. கொக்கியைத் தூக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கினேன். அப்பாவின் கண்ணாடியில் அண்ணன் நின்றிருந்தான். சின்னதாக, கொஞ்சம் வளைந்து, ஆனால் நன்றாகத் தெரிந்தான். வெற்று மார்பு, தோளில் எச்சில் துணி, முழங்கால் வரை நனைந்த கால்சட்டை, முள்ளாக நிற்கிற முடி. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போன் செய்தேன். எடுத்ததும் அவன் முந்திக்கொண்டு, அப்பா நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார், தூங்கினார் என்று ஒப்பித்தான். அந்த ஒப்பித்தல் எனக்குத் தெரியாததா?

"அண்ணா" என்றேன். "நீ ராத்திரி தூங்குனியா?"

அந்தப் பக்கம் பக்கெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல" என்றான். "இத்தன நாளா நீ..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "நேத்து தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"நீ சும்மா பெரிசு பண்ணாத, போட்டோவுல நல்லாதான இருக்காருங்கறா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினேன். அவனும் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் அப்பா ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. இதோ வரேன்பா என்று அவன் எழுந்தான். அந்த 'இதோ' எனக்கு நன்றாகத் தெரிந்த 'இதோ'.

"அவர் கெடக்கட்டும், ஒரு நிமிஷம் ஆகட்டும்" என்றேன். "மொதல்ல போய் நீ ஏதாவது சாப்பிடு."