சட்டைக்கு ஒரு ரசீது

சவப்பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மனிதரை மகள் மேலும் கீழும் பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவர் கையில் கோப்பு எதற்கு?

"அரசாங்க விசாரணைக் குழுவிலேர்ந்து வரேம்மா. அப்பாவோட சட்டை இங்க இருக்காமே. குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்" என்றார் அவர்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். முந்தாநாள் சண்டை இரண்டு மணி நேரம் நிற்கும் என்று அறிவித்ததை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகும் கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறினார். எதிரே குன்றில் ஆயுதக்குழு. முதுகுக்குப் பின்னால் ராணுவ முகாம். அவரைக் குன்றிலிருந்துதான் சுட்டார்கள் என்று அன்று சாயங்காலமே அரசாங்கம் சொல்லிவிட்டது. அப்பா சீல் வைத்த பெட்டியில் வந்தார். திறக்கக் கூடாதாம். பிணவறையில் யாரோ மறதியில் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஓட்டை முதுகில் இருந்தது. முன்பக்கம் ஒன்றுமில்லை.

பை விஷயம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. மகள் சித்தப்பாவைத் தேடினாள். அவர் பந்தல் கயிற்றுக்கு ரொம்ப அக்கறையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்த கயிறு.

"ரசீது குடுங்க, தரேன்."

அதிகாரி 'சட்டை ஒன்று' என்று எழுதினார்.

"காக்கிச் சட்டை ஒன்று. முதுகுல ஓட்டை ஒன்று. முன்பக்கம் ஓட்டை இல்லை. அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் ஆய்வுக்கூடத்துல பாப்பாங்கம்மா."

"நான் பார்சல் ஆபீஸ்ல இருக்கேன் சார். உடைஞ்ச சாமான் வந்தா உடைஞ்சதுன்னு எழுதித்தான் வாங்குவோம்."

"விடு கண்ணு, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் சித்தப்பா, கயிற்றை விடாமல்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் சந்தையில அந்தக் குன்றுல இருக்கறவங்க குண்டு வச்சு பதினாறு பேர் செத்தாங்க. அவங்ககிட்ட யாராச்சும் ரசீது கேட்டீங்களா?"

"அவங்க கொலைகாரங்க சார். அவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது? அவங்களுக்காகவா நாங்க வெயில்ல வரிசையில நின்னு ஓட்டுப் போட்டோம்? உங்க ஆளுங்களுக்குத்தானே போட்டோம். அப்பாதான் எங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு."

அதிகாரி கோப்பை மடியில் நேராக வைத்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. "சட்டையப் பாத்துட்டுப் போடறேன்" என்றார். நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். பை காலி. சித்தப்பாவா? அவர் எடுத்துக் கொடுத்ததை ஒரு கையால் வாங்கிக்கொண்டு, மறு கையால் ரசீது எழுத வந்திருக்கிறார்களா?

சமையலறைக்கு ஓடினாள். அம்மா தரையில் உட்கார்ந்து சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட சட்டை. முதுகில் காக்கி நூலால் அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தாள், விரலால் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க!"

"ஆபீஸ் சட்டைடி. திருப்பிக் குடுக்கணும்ல. கிழிசலோட குடுத்தா அவருக்குப் பிடிக்குமா?"

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினாள். அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அம்மா அவருக்கென்று செய்ய வேறு என்ன மிச்சம் வைத்தார்கள்?

சட்டையையும் ஒரு பிளேடையும் எடுத்துக்கொண்டு வந்து அதிகாரியின் காலடியில் உட்கார்ந்தாள். முதுகுப்பக்கத்தை மேலே திருப்பிப் போட்டாள்.

"ஒரு நிமிஷம் சார்."

முதல் தையலை அறுத்தாள். அதிகாரி பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை. வெளியிலிருந்து யாரோ, "எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள்.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, பிளேடுக்கு வாகாக இழுத்துக் கொடுத்தாள்.

"மெதுவாடி," என்றாள். "ஓட்டை பெருசாயிடப் போகுது."