யாலோனின் தலையில் வடிந்த எண்ணெய்

சமாரியாவில் புது ராஜாவின் தலையில் ஆசாரியர் கொம்பிலிருந்து ஊற்றிய அபிஷேக எண்ணெய், நாலு தெரு தள்ளி அத்திப்பழ அடை தட்டிக்கொண்டிருந்த யாலோனின் தலையில் வடிந்தது. ராஜாவின் முடி காய்ந்தே இருந்தது. அந்த வருஷம் அத்தி விளைச்சல் சுமார்தான்.

எண்ணெய் வழியும் தலையைக் கண்டதும் தெருக்காரர்கள் வழக்கம் தவறாமல் மேலங்கிகளைக் கழற்றி அவன் வீட்டுப் படிகளில் விரித்தார்கள். ஒருவன் எக்காளம்கூட ஊதினான். ஆட்டை அவிழ்க்க இறங்கிய யாலோன் பராக்குப் பார்த்தபடி அவற்றை மிதித்துவிட்டான். மிதித்தால் ராஜாதான். அவன் மனைவி நாராள் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த நாட்டில் ராஜா தனியாகச் சாவதில்லை. தொட்டில் பிள்ளைவரை வெட்டிவிட்டுத்தான் அடுத்தவன் அரியணையில் உட்காருவான். அவளுக்கோ கைக்குழந்தை.

துக்க வீட்டில் யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சாம்பல்தான் போட்டுக்கொள்வார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளி அவன் தலையில் அப்பினாள்.

"யாருடி செத்தது?"

"இன்னும் யாரும் இல்ல. குனியுங்க."

எண்ணெய் சாம்பலையும் கரைத்துக்கொண்டு தாடிக்கு இறங்கியது.

சாயங்காலம் தளபதி ஆசாரேல் உருவிய வாளோடு வந்தார். நாராள் வாசலை மறித்தாள்.

"வெட்டுங்கய்யா, வேண்டாங்கல. நாளைக்கு இந்த எண்ணெய் எவன் தலைக்குப் போகும்னு தெரியுமா உங்களுக்கு? இந்த மனுஷன் அத்திப்பழத்தைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாரு. அடுத்தவன் அப்படி இருப்பானா?"

ஆசாரேல் யோசித்தார். அவருக்கே அரியணைமேல் ஒரு கண் இருந்தது. வாளை உறையில் போட்டுவிட்டு, ஓர் அடையைத் தின்றுகொண்டே போனார்.

பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. அபிஷேக நாட்களில் யாலோனை அரியணைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நாராள் அவன் தலையைத் துணியால் ஒற்றி ராஜாவின் தலையில் பிழிந்தாள். ஆசாரேலுக்குப் பிழிந்தாள், ஆசாரேல் குடித்துக் கிடந்தபோது குத்தியவனுக்கும் பிழிந்தாள். ராஜாக்கள் வந்த வேகத்தில் போனார்கள். யாலோன் பேரன் பேத்தி எடுத்து, சொந்தப் படுக்கையில், தூக்கத்திலேயே செத்தான். அந்தக் காலத்தில் சமாரியாவின் வேறெந்த ராஜாவுக்கும் அது வாய்க்கவில்லை.

அடுத்த அபிஷேகத்துக்கும் நாராள் பழக்கத்தில் துணியோடு போய் நின்றாள். கொம்பைக் கவிழ்த்தார்கள். ராஜாவின் தலை காய்ந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாராளின் முக்காட்டுக்குள் நெற்றி வெதுவெதுப்பாக நனைந்தது. அவன் தலையின் அதே வாசனை. அவளுக்கு அழுகை முட்டியது.

"போயும் போயும் எங்கிட்டயா விட்டுட்டுப் போனீங்க?"

முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடை தட்டும் வேலை பாதியில் கிடந்தது.