நீலப் பெட்டி வாங்கிய நட்சத்திரங்கள்

கால்டர் ஃபோர்க்கில் வீட்டிலேயே பிள்ளைக் காப்பகம் நடத்தும் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். எங்களில் பதினொரு பேர் மோசடி செய்தோம். அதைத் தொடங்கிவைத்தவள் நான். செய்யாத ஒருத்திக்குத்தான் முதலில் தண்டனை கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை கோழி இறைச்சி ஆலையில். முதல் ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. பிள்ளையை அதற்கு முன் எங்காவது விட்டாக வேண்டும். ஊரில் இருக்கும் இரண்டு பெரிய காப்பகங்களும் ஆறரைக்குத்தான் கதவைத் திறக்கும். அதனால் நாங்கள் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தாயின் தோளிலிருந்து எங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்வோம். நான் பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். வெர்னெட் டாகின்ஸ் இருபத்தேழு வருடம். அவள் கையில் வளர்ந்தவர்களே இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விடுகிறார்கள்.

காப்பகங்களுக்கு மார்க் போட்டு நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தபோது, விருப்பம் உள்ளவர்கள் சேரலாம் என்று கடிதம் வந்தது. அடுத்த வருடமே இன்னொரு கடிதம். மூன்று நட்சத்திரத்துக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு அரசு உதவி பெறும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்களாம். ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் அத்தனை பேரும் அரசு உதவியில்தான் வருகிறார்கள். விருப்பம் என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

மார்க் போட ஒரு ஆள் வந்து மூன்று மணி நேரம் மூலையில் உட்கார்ந்து எழுதுவார். எத்தனை புத்தகம், எத்தனை வகைக் கட்டை, எத்தனை நிறத்தில் பொம்மை, தனியாக இருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு மெத்தை போட்ட மூலை உண்டா, கை கழுவும்போது இருபது நொடி தேய்த்தார்களா. கை கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் துடைத்த மூக்குகளை வரிசையில் நிறுத்தினால் ஆலை வாசல் வரை போகும். ஆனால் காலையில் எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறாய் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தப் படிவம் கேட்ட சாமான் எல்லாவற்றையும் வாங்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை. அதனால் கூட்டாகச் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினோம். மூடி போட்ட பெரிய நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நான்கு நிறத்தில் பொம்மைகள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பொம்மை ஒன்று, மரக்கட்டைகள், சின்ன மத்தளம், பூதக்கண்ணாடிகள், முப்பது புத்தகம், சுருட்டி வைத்த பஞ்சு மெத்தை. யாருக்கு எந்த வாரம் ஆள் வருகிறார் என்று முன்பே கடிதம் வந்துவிடும். அந்த வாரம் பெட்டி என் வேனில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போகும். அது முடிந்ததும் அடுத்த வீடு. என் வீட்டுப் பிள்ளைகள் சக்கர நாற்காலிப் பொம்மையைக் கேட்டு இரண்டு நாள் அழுதார்கள். ஊருக்குப் போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். எனக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

வெர்னெட் மட்டும் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. நான் வேனைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தியும் பார்த்தேன். அவளுக்கு முட்டி வலி. படியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டிக்கே லைசென்ஸ் குடுத்துடச் சொல்லு, டார்லீன். அதுவே பிள்ளைங்களப் பாத்துக்கட்டும். நான் போய்ப் படுத்துக்கறேன்."

"ஒரே ஒரு வாரந்தான் வெர்னெட். கண்ண மூடிட்டுத் தாண்டிடு."

"நான் கண்ண மூடிக்கலாம்டி. பிள்ளைங்க கண்ண யாரு மூடுறது? நேத்து இல்லாத பொம்ம இன்னைக்கு வந்து நாளைக்குப் போனா, இந்த வீட்டுல நெசம் எது பொய் எதுன்னு அதுங்க கேக்காதா? எடுத்துட்டுப் போ."

கோபத்தோடுதான் திரும்பிப் போனேன். பெரிய உத்தமி என்று வழியெல்லாம் திட்டினேன். அந்தக் கோபத்தில் பாதி வெட்கம் என்று அப்போது தெரியவில்லை.

அவள் வீட்டுக்கு மார்க் போட வந்தவள் ஹேலி என்ற சின்னப் பெண். கல்லூரி முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. அன்று நடந்ததை வெர்னெட் எனக்குச் சொன்னாள். பிறகு அந்தப் பெண் எழுதிய அறிக்கையையும் படித்தேன். இரண்டிலும் நடந்தது ஒன்றேதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கீனன் என்று மூன்று வயதுப் பையன் அங்கே வந்துகொண்டிருந்தான். அவன் அம்மா ஷனீல் ஆலையில் கோழி வெட்டும் வரிசையில் நிற்பவள். அதற்கு முந்தின நாள்தான் அவர்களை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். தாயும் மகனும் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே படுத்திருந்தார்கள். ஐந்து மணிக்குப் பையனைக் கொடுக்கும்போது ஷனீல் ஒன்றும் பேசவில்லை. பின் இருக்கையில் போர்வையும் பாத்திரமும் கிடந்ததைப் பார்த்து வெர்னெட்டே புரிந்துகொண்டாள். பையன் வாயைத் திறக்கவில்லை. ஷூவைக் கழற்ற விடவில்லை. மற்றப் பிள்ளைகள் காலை உணவு சாப்பிட்டபோது தட்டைத் தள்ளிவிட்டான்.

ஒன்பது மணிக்கு ஹேலி வந்து உட்கார்ந்தாள். ஒன்பதே காலுக்குப் பையன் வெர்னெட்டின் பாவாடையைப் பிடித்து, பசிக்கிறது என்று சொன்னான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. வெர்னெட் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சோள ரொட்டியில் வெண்ணெய் தடவி அவன் கையில் கொடுத்தாள். பாதி ரொட்டி வாயில் இருக்கும்போதே அவன் தூங்கிப்போனான். இறக்கினால் விழித்துவிடுவான் என்று ஐம்பது நிமிடம் அவள் அசையவில்லை. மற்ற ஆறு பிள்ளைகளையும் தன்னைச் சுற்றித் தரையில் உட்காரவைத்து, மெல்லிய குரலில் கதை சொன்னாள்.

அறிக்கை இப்படிச் சொன்னது: உணவு, அட்டவணைக்கு வெளியே வழங்கப்பட்டது. உண்ணும் முன் கை கழுவப்படவில்லை. குழந்தை காலணியுடன் உறங்க அனுமதிக்கப்பட்டது. விளையாட்டு நேரத்தில் பராமரிப்பவர் ஐம்பது நிமிடம் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தார். பிற குழந்தைகளுக்குச் செயல்பாட்டுத் தேர்வுகள் வழங்கப்படவில்லை. ஒரு நட்சத்திரம்.

ஹேலி கிளம்பும்போது வெர்னெட் அவளை நிறுத்தி, பையன் எங்கே படுத்துவிட்டு வந்திருக்கிறான் தெரியுமா என்று கேட்டு, எல்லாவற்றையும் சொன்னாளாம்.

"நான் பாக்கறத மட்டுந்தான் எழுதணும் மேடம். காரணத்த எழுத எடமில்ல," என்றாளாம் அந்தப் பெண். கண் கலங்கியிருந்ததாம். வெர்னெட் இதைச் சொன்னபோது, "அவ அழுது எனக்கு என்ன ஆகப்போவுது," என்று சேர்த்துக்கொண்டாள்.

மேல்முறையீடு செய்தாள். மதிப்பீட்டில் பிழை ஏதும் இல்லை என்று பதில் வந்தது. மாத முடிவோடு அவள் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் அரசு உதவி அங்கே செல்லாது. மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ உள்ள இடங்களின் பட்டியலைத் தாய்மார்களுக்கு அனுப்பினார்கள். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

ஏப்ரலில் திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். தலைநகரிலிருந்து ப்ளெவின்ஸ் என்ற பெண் அதிகாரி வந்திருந்தார். திரையில் வண்ணப் படங்கள் காட்டினார். நம் மாவட்டத்தில் வீட்டுக் காப்பகங்களின் தரம் மூன்று வருடத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது என்றார். வரைபடத்தின் கோடு மேலே ஏறியது. அந்தக் கோட்டில் என் வேன் போன தடம் எனக்குத் தெரிந்தது. என்னோடு அமர்ந்திருந்த பத்துப் பேரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னெட் எழுந்து பேசினாள். அவளுக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். கீனனைப் பற்றிச் சொன்னாள், பெயரைச் சொல்லாமல். பிறகு கேட்டாள்:

"அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, மேடம்? எழுப்பி விட்டுக் கை கழுவச் சொல்லியிருப்பீங்களா?"

"உங்க அக்கறைய நாங்க மதிக்கறோம். ஆனா அக்கறைய அளக்க முடியாதே. அளக்க முடிஞ்சத வச்சுத்தானே எல்லாருக்கும் நியாயமா இருக்க முடியும்? இதே ஊர்ல, இதே மாதிரி வீடுங்க நாலு நட்சத்திரம் வாங்கியிருக்கே. அவங்களால முடிஞ்சது உங்களால ஏன் முடியல?"

அதைச் சொல்லும்போது ப்ளெவின்ஸ் கை நீட்டிக் காட்டியது என்னை. வெர்னெட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரே வாக்கியம் போதும்.  அவள் வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அது நான் வாங்கினது இல்ல," என்றேன். "ஒரு நீலப் பெட்டி வாங்கினது. அது என் வேன்ல இருக்கு. இப்பவும் இருக்கு, வந்து பாருங்க. ஒவ்வொரு வீடா அதத்தான் தூக்கிட்டுப் போனோம். உங்க ஆளுங்க பதினோரு வீட்லயும் ஒரே பொம்மையப் பாத்துட்டு மார்க் போட்டுட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. எங்க பிள்ளைங்க மொகத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவங்க பொம்மையத்தான் எண்ணுனாங்க."

 ப்ளெவின்ஸ் எதையோ குறித்துக்கொண்டார். எனக்குப் பின்னாலிருந்து யாரோ என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அது அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான, என் இருபது வருடத் தோழி ரெட்டாவின் குரல்.

வெளியே வந்ததும் வெர்னெட் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது உண்மை. அவள் காரின் கதவைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருஷம் கழிச்சு ஒனக்கு வாய் வந்துச்சா? என் பிள்ளைங்களுக்கு உதவி நிக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

"நான் ஒனக்காகத்தான்..."

"எனக்காக இல்ல. ஒனக்கு மூச்சு முட்டுச்சு, கக்கிட்ட. அந்தப் பத்துப் பேர்ட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவங்களும் அஞ்சு மணிக்குத்தான் கதவத் தொறக்கறாங்க."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 

அரசு விசாரணை நடத்தியது. பதினொரு வீடுகளின் நட்சத்திரங்களையும் பறித்துக்கொண்டு எல்லாருக்கும் மறு மதிப்பீடு என்றார்கள். படிவம் மாறும், எத்தனை மணிக்குத் திறக்கிறாய் என்று கேட்கும் கட்டம் வரும் என்று முட்டாள்போல நினைத்தேன். படிவத்தில் ஒரு வரி மாறவில்லை. இனி ஒவ்வொரு விளையாட்டுச் சாமானுக்கும் வாங்கிய ரசீது காட்ட வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வருவார் என்று இரண்டு விதிகளைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். ரெட்டா காப்பகத்தை மூடிவிட்டு ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் மூன்று பேர் மூடினார்கள். மீதி இருப்பவர்களில் பாதிப் பேர் கடையில் என்னைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மறு மதிப்பீட்டில் எனக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. இந்த முறை சாமானெல்லாம் என் சொந்தக் கடனில் வாங்கியவை. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். மார்க் போட வந்தவர் இருந்த மூன்று மணி நேரமும் நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதவிப் பணம் இல்லாமல் ஏழு பேரை வைத்து நடத்த முடியாமல் வெர்னெட் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் மாநிலத்தில் மூன்று பிள்ளைகள் வரை உரிமம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆக ஏழு பேரில் மூன்று பேரை அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கெஞ்சினார்கள். ஒருத்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாளாம். வெர்னெட் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கீனனை வைத்துக்கொண்டாள். ஷனீல் தன்னால் முடிந்த பணத்தைத் தருகிறாள். முடியாத வாரம் தருவதில்லை.

மற்ற நான்கு பேரில் இருவர் பெரிய காப்பகத்துக்குப் போனார்கள். ஆறரைக்குத் திறக்கும் இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஐந்தரை ஷிப்டுக்குப் போக எந்தத் தாயாலும் முடியாது. ஒருத்திக்கு வேலை போனது. இன்னொருத்தி ஆறரை வரை பிள்ளையைப் பத்து வயது அண்ணனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். அரசின் கோட்டில் அந்தப் பிள்ளை இப்போது தரமான இடத்தில் இருக்கிறது.

மீதி இருவர் மெண்டோசா சகோதரிகள், நான்கு வயதும் இரண்டு வயதும். ஒரு மாதம் அவர்கள் வீடு வீடாக அலைந்தார்கள். ஜூன் மாதம் ஒருநாள் மத்தியானம் வெர்னெட் எனக்குப் போன் செய்தாள். கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஒன்கிட்ட எடம் இருக்கா?"

"ரெண்டு பேருக்கு இருக்கு."

"பெரியவ பால் குடிக்க மாட்டா, வற்புறுத்தாத. சின்னவ முதுகத் தட்டினாத்தான் தூங்குவா. கீழ் முதுகு. மேல தட்டினா அழுவா."

"சரி."

"ஆள் வந்து ஒக்காந்திருந்தாலும் தட்டணும், டார்லீன்."

தட்டுவேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் ஐந்து மணிக்கு முன்பே அந்தப் பிள்ளைகளின் தாய் என் வாசலில் காரை நிறுத்தினாள். சின்னவள் தூக்கத்திலேயே என் தோளுக்கு மாறினாள்.