பொய்க் கோடு

எங்கள் லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தங்கபாய்க்கு வாய் நீளம் என்று. பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் நான். சூப்பர்வைசரிடமே சண்டை போட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்க நாலு நிமிஷம் ஆயிற்று.

என் தங்கை ஜெபமலருக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. வயிற்றுக்குள் அது அதிகம் உதைக்கவில்லை. சாதுவான பிள்ளை, அப்பன் செல்வினைப் போல என்று லயம் முழுக்கப் பெருமையடித்தது நான்தான். புத்தி கெட்டவள். வித்துரா ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான் பிள்ளை மாதத்துக்கேற்ப வளரவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கே திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் பத்மகுமார் ஸ்கேனைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். நஞ்சுக்கொடி வழியாகப் போகிற ரத்தம் குறைந்துவிட்டது, பிள்ளைக்கு ஆக்சிஜன் போதவில்லை. அப்படியொரு நிலையில் பிள்ளை கிடைப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டு அசைவைக் குறைத்துக்கொள்ளுமாம். நுரையீரல் பின்தங்கிப் போகும். வெளியே வந்து மூச்சு விடும்போது நுரையீரலின் சின்ன அறைகள் சுருங்கி ஒட்டாமலிருக்க உள்ளே வழுவழுப்பான ஒரு பூச்சு வேண்டும். அதை உண்டாக்கும் ஜீன்கள் ஆக்சிஜன் குறைவால் அடங்கிக் கிடக்கலாம். அவற்றை உசுப்பிவிட இரண்டு ஊசி, இருபத்துநாலு மணி நேர இடைவெளியில். அதுவரை பிள்ளை உள்ளே தாங்கினால் நல்லது, தாங்காது என்று தெரிந்தால் உடனே எடுத்துவிடுவோம் என்றார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு முதல் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் வைத்து இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் ஜெபமலரே அசைவை எண்ணி, அசைவுக்கு ஒரு கோடு என்று சீட்டில் போட வேண்டும். குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். செல்வின் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் வெளியே நின்று, இன்னும் எத்தனை மணி நேரம் என்று எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். அவளுடைய ஒரு கை வயிற்றில், கண் சுவர்க் கடிகாரத்தில். ஒரு கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆசையாக நானும் வயிற்றில் கை வைத்தேன். அசைவு ஒன்றும் தெரியவில்லை. அவள் மூன்றாவது கோடு போட்டாள். அசையாத பிள்ளைக்குக் கோடு போடுகிறாள்.

"என்னட்டி செய்யுக?" என்றேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நாலு மணிக்கு இன்னும் ஆறு மணிக்கூர்தான்க்கா. ரெண்டாவது ஊசியும் போட்டுடட்டும். இப்ப எடுத்தா பிள்ளைக்கு மூச்சு விட முடியாதுல்லா."

எப்போதிலிருந்து அசையவில்லை என்று கேட்டேன். ஏழரை மணியிலிருந்து என்றாள். வாயைத் திறந்தால் இனி நீ எனக்கு அக்காவே இல்லை என்றும் சொன்னாள்.

பதினொரு மணிக்கு மறுபடி மெஷின் வைப்பார்கள். அது சொல்லட்டுமே, நான் ஏன் சொல்லிப் பழியைச் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் பக்குவப்படாத நுரையீரலோடு பிள்ளை வெளியே வரும். சொல்லாவிட்டால் உள்ளேயே உயிர் போய்விடலாம். அவள் மேலும் ஆத்திரம், அந்தக் கடிகாரத்தின் மேலும் ஆத்திரம். கையை உதறிக்கொண்டு நர்ஸ் ஆர்யாவிடம் ஓடினேன்.

"சிஸ்டர், அந்தக் கோடெல்லாம் பொய். ஏழரையிலேருந்து பிள்ளை அசையல."

மெஷினை வைத்தார்கள். துடிப்பு இறங்கியது; ஏற நேரமெடுத்தது, மறுபடி இறங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார், தியேட்டர். ஸ்ட்ரெச்சரில் போகும்போது ஜெபமலர் என் முகத்தைப் பார்த்து, "கொன்னுட்டியேக்கா" என்றாள்.

பெண் குழந்தை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டு, நுரையீரலுக்கே மருந்தைச் செலுத்தி மெஷினில் வைத்தார்கள். அந்த ஆறு மணி நேரம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டாவது ஊசி போட்டிருந்தால் நல்லதுதான், ஆனால் அந்தத் துடிப்போடு ஆறு மணி நேரம் தாங்கியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். படித்த மனுஷன், எனக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று வயிறெரிந்தது.

மூன்று நாள் ஜெபமலர் என்னோடு பேசவில்லை. நான் கொடுத்த கஞ்சியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். நாலாம் நாள் குழாயை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் கருவி மட்டும் வைத்திருந்தார்கள். வளரும்போது மூச்சிரைப்பு வரலாம், சளி பிடித்தால் அலட்சியம் கூடாது என்றார் டாக்டர். தையல் வலியோடு என் தோளைப் பிடித்தபடி நின்று, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே அவள் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நீ சொல்லலேன்னா நான் கோடு போட்டுட்டேதான் இருந்திருப்பேன்க்கா."