பைக்குள் பழுத்த நீலத் தக்காளி

முஜியோனோ முதல் பையை அவிழ்த்தபோது காலை ஏழு மணி. நடுவர்கள் வருவது பத்து மணிக்கு. சணல் முடிச்சைத் தளர்த்தி, சிமெண்ட் காகிதப் பையை மெல்லக் கீழே உருவினார். உள்ளே ஒரே கொத்தில் பதினொரு தக்காளி, கோலிக்குண்டு அளவில். பதினொன்றும் சிவப்பு.

அடுத்தவர் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர் போலப் பையை மறுபடி மாட்டிவிட்டார். பிறகு அடுத்த பையை அவிழ்த்தார். அதுவும் சிவப்பு. சந்தையில் கூறுகட்டி விற்கிற, ஒருவரும் திரும்பிப் பார்க்காத சிவப்பு.

தோட்டத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தினால் எதிர்ச் சுவர் நீலம். அதற்கடுத்த சுவர் நீலம். வாசல் கம்பிகள் நீலம், சாக்கடை ஓரம் நீலம், பக்கத்து வீட்டு சுகிதோவின் குருவிக்கூண்டு ஐந்தும் நீலம். தெருமுனையில் கட்டியிருந்த பலகையில் ‘நீலத் தக்காளித் தெருவுக்கு நல்வரவு’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

எல்லாம் அவரால் வந்தது.

முப்பது வருஷம் ரயில்வே கேட்டை மூடித் திறந்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகு மூடித் திறக்க ஒன்றும் இல்லாமல் போகவே, கைப்பேசியில் பார்த்து நீலத் தக்காளி விதை வாங்கினார். சுகிதோ அப்போதே சொன்னான், படத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவனிடம் ஏமாந்துவிட்டார் என்று. ஆனால் வீட்டு முன்தோட்டத்தில் பதினாறு செடியும் பிழைத்து, முதல் செடியின் உச்சியில் மூன்று காய் மைக்கூட்டைப் போல நீலம் பாய்ந்து நின்றபோது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோல் தெருவே வரிசையில் வந்து பார்த்தது. தெருத் தலைவி இபு வுர்யானி (இபு என்றால் அம்மா) படம் பிடித்துக்கொண்டார். ஊரில் அழகான தெருவுக்கான போட்டி வரப்போகிறது, பக்கத்துத் தெருவில் குடை கட்டித் தொங்கவிடப் போகிறார்களாம், நம் தெருவுக்கு இதுதான் என்று அங்கேயே முடிவுசெய்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை, ஆணும் பெண்ணும் ஏணியில் ஏறித் தெருவையே நீலமாக்கினார்கள்.

முதல் ஞாயிறன்றே சின்னான் குருவி வந்து அந்த மூன்றையும் கொத்திவிட்டுப் போனது.

முஜியோனோ பதறிப்போய், ஜாவாவின் அர்ஜுனோ மலைச்சரிவில் எந்த மனிதனும் செய்வதைச் செய்தார். அங்கே பை கட்டாத கொய்யாவை ஈ தின்னும், பை கட்டாத மாங்காயை வௌவால் தின்னும். பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதற்கு முன்னால் பலாப்பிஞ்சுக்குப் பை மாட்டுகிற ஊர் அது. அவர் மனைவி பார்த்தினி சிமெண்ட் காகிதத்தைக் கத்தரித்து, தையல் மெஷினில் இரண்டு மடிப்பாக அறுபது பை தைத்தாள். காய் பட்டாணி அளவில் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு கொத்துக்கும் கட்டியாயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தப் பைகளைப் பார்த்து, பொறுப்பான மனிதர் என்று தலையாட்டினார்கள்.

மூன்றாவது பையில் ஒரு ஓரம் தையல் விட்டிருந்தது. அந்த ஓட்டைக்கு நேராக இருந்த பழத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம். மிச்சமெல்லாம் சிவப்பு. முஜியோனோ ஓட்டையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், ஓட்டை வழியாகத் தன் மணிக்கட்டில் விழுந்த வெயிலைப் பார்த்தார்.

பார்த்தினி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“இந்த நீலம் உள்ளேருந்து வர்றதில்ல போல. வெயில் பட்டாத்தான் வருது,” என்றார்.

“அப்ப நாம?”

“வெயில் படாம பாத்துக்கிட்டோம். ரெண்டு மடிப்பா.”

“நீங்க மூணு மடிப்பு கேட்டீங்க. காகிதம்தான் பத்தல,” என்றாள் பார்த்தினி.

மதிலுக்கு மேலே சுகிதோவின் தலை தெரிந்தது. எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தானோ. முகம் வெளுத்திருந்தது.

“ஐயா, பாக் முஜி, எங்க வீட்ல அரை டப்பா நீலம் மிச்சம் இருக்கு,” என்றான் மெதுவாக. “சின்ன பிரஷ்ஷும் இருக்கு.”

கிண்டல் இல்லை. மனப்பூர்வமாகச் சொன்னான். முஜியோனோவும் மனப்பூர்வமாகவே ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் நடுவர்கள் அதைத் தின்று பார்ப்பார்கள் என்று நினைவுக்கு வந்தது.

நடுவர்கள் வருவதற்குள் தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும், வேறு வழியில்லை. சிவப்புத் தக்காளி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இபு வுர்யானி வீட்டுக்குப் போனார். அங்கே பத்துப் பெண்கள் சங்குப்பூ போட்டு நீலச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். சிரித்தார்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னும் சிரித்தார்கள்.

“சந்தையில வாங்கினியா? நல்லா நடிக்கிறே முஜி,” என்று இபு வுர்யானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காலங்காத்தால அடிவயித்தைக் கலக்காதே. போய் நல்ல சட்டையப் போடு.”

அவர்கள்மேல் தப்பில்லை. போன மாதக் கூட்டத்தில் குரங்குக் கூட்டம் வந்து பதினாறு செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லி, இபு வுர்யானி செருப்பில்லாமல் ஓடிவந்து பார்த்த பிறகு கைதட்டியவர் இதே முஜியோனோதான். இன்றைக்குத் தெரு முழுக்க வீடு வீடாக உண்மையைச் சொன்னார். நல்ல வரவேற்பு இருந்தது. ஒருவர் காப்பி கொடுத்தார்.

பத்து மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். இபு வுர்யானி தட்டில் கத்தரிக்கோலை வைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு, “உள்ளே சிவப்பாத்தான் இருக்கும்,” என்றார் முஜியோனோ. தெரு சிரித்தது. மூக்குக்கண்ணாடி போட்ட நடுவர் அம்மாளும் சிரித்தார்.

முஜியோனோ சணலை வெட்டினார்.

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்னால் நின்றவர்களிடம் முதலில் நின்றது, பிறகு அது பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. இபு வுர்யானி கத்தரிக்கோலுக்குக் காத்திருக்கவில்லை. வெறுங்கையால் அடுத்த பையைக் கிழித்தார். அதற்கடுத்ததையும் கிழித்தார். ஏழாவது பைக்கு அப்புறம் கை தானாகத் தொங்கிப்போனது. நீலச் சட்டை, நீலப் பாவாடை, கையில் நீலச் சோற்றுத் தட்டுமாக நாற்பது பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். கூண்டுக்குள் சுகிதோவின் குருவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“தப்பு என்னோடது,” என்றார் முஜியோனோ. “குருவிக்குப் பயந்து வெயில மறைச்சுட்டேன். காலையிலயே உங்க எல்லாருக்கும் சொன்னேன். ஆனா நான் சொன்னா நம்புற மாதிரி இத்தனை வருஷம் ஒருநாளும் பேசலியே.”

நடுவர் அம்மாள் ஒரு பழத்தைத் தின்று பார்த்து இனிப்பாக இருக்கிறது என்றார். ஏதோ எழுதிக்கொண்டார். குடைத் தெருவுக்குப் போய்விட்டார்கள். பரிசும் அங்கேயே போனது.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஜாவாக்காரர்களுக்கு உண்மையாகக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். ஒவ்வொருவராக வந்து, பெரிய அதிகாரியிடம் பேசுகிற மொழியில் ஆறுதல் சொன்னார்கள். இபு வுர்யானி கைகூப்பி, “தாங்கள் சிரமப்பட வேண்டாம். நாற்காலிகளை நாங்களே எடுத்து வைத்துக்கொள்கிறோம்,” என்றார். கூடவே வளர்ந்த முஜியை வாழ்க்கையில் முதல்முறையாகத் தாங்கள் என்றார். சிவப்பைப் பார்த்தபோதுகூட முஜியோனோவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. சிகரெட் வாங்கக்கூடப் பார்த்தினிதான் போனாள். தெருவில் தனக்கும் ‘தாங்கள்’தான் என்று வந்து சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் தோட்டத்தில் சரசரவென்று காகிதம் கிழிகிற சத்தம். ஜன்னலைத் திறந்தார். இபு வுர்யானி கைலியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மதில்மேல் சுகிதோ.

“ஏய் முஜி,” என்றார் இபு வுர்யானி. “உள்ளே என்ன அடைகாக்குறியா? மேல்கொத்தெல்லாம் இன்னும் பச்சைக் காய். அதுக்கும் பையை மாட்டிவச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டே. அதுவும் செவக்கணுமா, மடையா? சுவரை மறுபடி சிவப்பா அடிக்க எனக்குத் தெம்பில்ல. எறங்கி வா.”

முஜியோனோ செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு சணல் முடிச்சைப் பிடித்தார். இபு வுர்யானி கை ஓயாமல் கிழித்துக்கொண்டே, குரங்குக் கதையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினார். முஜியோனோ முடிச்சை அவிழ்ப்பதிலேயே குறியாக இருந்தார்.

“வாய் எங்க போச்சு? ஓயாம பேசுவியே,” என்றார் இபு வுர்யானி.

இன்னும் இருபது பைகள் இருந்தன. அந்தத் திட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று முஜியோனோ கையிலிருந்த முடிச்சை மிகவும் மெதுவாக அவிழ்த்தார்.