சும்மா இருக்கும் நாலு கோர்

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். மூக்கை ஒருமுறை உறிஞ்சுவான், தோள் இரண்டும் காதுவரை ஏறும். அடுத்த நொடி எதிரணிக்காரனின் பரம்பரையையே சந்திக்கு இழுத்துத் திட்டுவான். அதற்குள் அவள் விரல் குரலை வெட்டும் பொத்தானுக்குப் போயிருக்கும். அவன் குரல் மூன்று நொடி தாமதித்துத்தான் வெளியே போகும். அந்த மூன்று நொடிதான் அவள் பிழைப்பு.

அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் பூரான் என்ற பட்டப்பெயரில் விளையாடும் இருபத்திரண்டு வயதுப் பையன். அவனுக்குப் பின்னால் அவள். அவன் விளையாடுவதை ஒரு கேபிள் வழியே வாங்கி நேரலையாக அனுப்புவதும், வசவை வெட்டுவதும், பார்க்கிறவர்கள் எழுதும் அரட்டையில் வரும் அசிங்கத்தை அழிப்பதும் அவள் வேலை. ஒருநாள் பதற்றத்தில் அவன் "ம்யூட் போடுக்கா" என்று கத்தியது நேரலையில் போய்விட்டது. அன்றிலிருந்து பார்க்கிற பத்தாயிரம் பேருக்கும் அவள் ம்யூட் அக்கா.

காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வேலை. அதனால்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. பகலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்கொள்வாள். இரவில் தனியே விட முடியாது என்பதால் பழைய கால் சென்டர் வேலையை விட்டாள். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு பகல் வேலையை யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்டப்போவதில்லை.

இரண்டு வாரமாக நேரலையில் படம் திக்கியது. பூரானின் அக்கா புருஷன்தான் மேனேஜர். அவர் அவள் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திக்குது திக்குதுன்னு ஆளுங்க ஓடுறாங்க. ஒரே ஒரு ப்ராசஸர் வாங்கித் தர்றேன். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் திக்கிச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

வேலை போய்விடுமோ என்று பயந்தாள். கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவளை யாரும் கேட்டதில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கடையில் தவம் கிடந்தாள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"வெளையாட மட்டும்னா இந்த எட்டு கோர். இதை அடிச்சுக்க ஆளில்ல. அதே மெஷின்லயே லைவும் அனுப்பணும்னா இந்தப் பதினாறு. ஒரு கோர்னா ஒரு ஆள்னு வச்சுக்கங்கம்மா. லீவு கேக்காத ஆளு."

அவள் சிரித்துவிட்டாள். கடையின் மாதிரிக் கணினியில் அதே விளையாட்டை ஓடவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து நோட்டில் குறித்தாள். எட்டு கோரில் ஆட்டம் பறந்தது. ஆனால் அனுப்பும் வேலை பழையபடி அவளுடைய கிழட்டு மெஷினின் தலையில்தான் விழும், திக்கல் போகாது. பதினாறில் ஆட்டம் ஒரு மயிரிழை குறைந்தது, படமோ ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பூரானின் பழைய மதர்போர்டிலேயே அது பொருந்தும் என்பதையும் விசாரித்துக்கொண்டாள்.

"பதினாறுதான் சார்," என்று மேனேஜரிடம் நோட்டை விரித்துக் காட்டினாள். "ஆட்டத்துக்கு எட்டு, அனுப்ப நாலு. என் மெஷினுக்குப் பாரமே இல்ல. நான் ம்யூட்டையும் அரட்டையையும் பாத்துக்குவேன்."

"மீதி நாலு?"

"அது சும்மாதான் சார் இருக்கும்."

"சும்மா எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவர் நோட்டை மூடினார்.

பொருத்தியதும் அவள்தான். சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியை நான்கு மூலையிலும் சமமாக முடுக்கினாள். அன்று முழுக்கப் படம் தண்ணீர்போல ஓடியது. பூரான் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான்.

"கலக்கிட்டீங்கக்கா."

வீட்டில் போய்ச் சொன்னபோது கணவரின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அந்த வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மேனேஜர் ஒரு மென்பொருளோடு வந்தார்.

"கடைக்காரர்கிட்ட கேட்டேன். இது பேச்சைக் கேட்டுக் கெட்ட வார்த்தையைத் தானா வெட்டுமாம். அந்த நாலு கோர் தாராளமாப் போதுமாம். ஆனா நம்மாளு திட்டுறதெல்லாம் இதுக்குத் தெரியாதே. உங்களுக்குத்தான் அத்துப்படி. ஒரு லிஸ்ட் போட்டுடுங்க."

"அப்போ நான் சார்?"

"நீங்க கெட்டிக்காரங்க. எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க."

"பகல் வேலைன்னாதான் சார் எனக்கு. அவரை ராத்திரி..."

"தெரியும்மா. லைவ் ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க."

அவள் தட்டச்சு செய்தாள். வாழ்நாளில் வாய் திறந்து சொல்லியிராத வார்த்தைகள், இருநூற்றுப் பதினேழு. அவன் கோபம் தலைக்கேறினால் மட்டும் சொல்லும் ஒன்றை விட்டுவிடலாம், ஒருநாள் அது அம்பலத்தில் ஏறட்டும் என்று நினைத்தாள். விரல் கேட்கவில்லை. அதையும் சேர்த்தாள்.

பத்து மணிக்கு நேரலை தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பூரான் மூக்கை உறிஞ்சினான், திட்டினான். அவள் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது. அதற்குத் தேவையே இருக்கவில்லை. வெளியே போன குரலில் அந்த வார்த்தை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

மேனேஜர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "அருமை. இன்னும் ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு எல்லாரும் ம்யூட் அக்கா எங்கன்னு கேக்க ஆரம்பிப்பாங்க. இவனுக்குக் கவனம் செதறும். அரட்டையில தடை பண்ணின வார்த்தைங்க இருக்குல்ல, அதுல அந்தப் பேரையும் சேத்துடுங்க."

அவள் திரும்பினாள். "தம்பி," என்று கூப்பிட்டாள்.

பூரானின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் இல்லை.

அந்தப் பட்டியலில் கடைசியாக இருந்த 'தேவடியா'வுக்கு ஒரு வரி கீழே 'ம்யூட் அக்கா' என்று தட்டினாள்.

"உங்க ஃபோன்லருந்து ஒண்ணு போட்டுப் பாருங்க, வேலை செய்யுதான்னு."

'ம்யூட் அக்கா போயிட்டு வர்றேன்' என்று எழுதி அனுப்பினாள். திரையில் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. படம் சூப்பர் என்றார்கள், இதயம் இதயமாக அனுப்பினார்கள். அவள் வரி மட்டும் வரவில்லை.

"எதுக்கும் இன்னொரு தடவை போடுங்க," என்றார் மேனேஜர்.

அவள் மறுபடியும் போட்டாள்.